நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

கண்காட்சிக் கூடம் திறந்த பத்தாவது நிமிடம், கோட்டை வாசலைக் காத்த மூன்று தலை நாகம் நெருப்பைக் கக்கி, வாயைத் திறந்தது. திரையில் அதன் வசனம் வந்தது: "மூணு நாளா குழாயில தண்ணி வரல. யார்கிட்ட சொல்றது?"

குடுக்கை திரையை நோக்கிப் பாய்ந்தான். வசனம் அவன் எழுதியதுதான். ஆனால் நாகத்துக்காக எழுதியது இல்லை.

அவசரக்குடுக்கை என்பது அக்கா வைத்த பெயர். அதை முழுதாகச் சொல்லக்கூட வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லாததால் குடுக்கை ஆயிற்று. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, அக்கா, தம்பி. அவர்கள் நடத்திய வீடியோ கேம் நிறுவனத்தின் மொத்தச் சொத்தும் அவ்வளவுதான். அக்கா ஐந்து வருடமாகச் செதுக்கியது ஓர் அசுரக் கோட்டை. ஆடுபவர் ஒரு வீரனாகி, வழியில் எதிர்ப்படுகிறவர்களோடு பேசி, பேச்சு முற்றினால் சண்டை போட்டு, உச்சி மாடத்து அசுர ராஜாவை அடைய வேண்டும். குடுக்கையின் விளையாட்டோ, பழைய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுதுபார்க்க வரும் ஒரு மெக்கானிக்கின் கதை. அதில் படம் ஒன்றுகூட இல்லை. வசனம் மட்டும் மலைபோல் இருந்தது.

அந்த மலையை அவன் ஏற்றிய விதம்தான் வினை. புதிதாகக் கோப்பு தயாரிக்கச் சோம்பல்பட்டு, அக்காவின் வசனக் கோப்பை நகலெடுத்து, வரி எண்களை அப்படியே விட்டு, ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் தன் வசனத்தை அடித்திருந்தான். கோப்பின் பெயரைக்கூட மாற்றவில்லை. காலையில் கண்காட்சிக்குக் கிளம்பிய பரபரப்பில் அவன் பென் டிரைவில் ஏற்றி வந்தது எந்தக் கோப்பு என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா கோட்டைக்குள் போய்த் தீ எரியும் வாள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வாளின் கீழே "பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர்" என்று பெயர் வந்தது. மெல்ல வைத்துவிட்டாள்.

நான்கு மணிக்குப் போட்டி நடுவர்கள் வருவார்கள். அதுகூட அவனுக்குப் பெரிதில்லை. தன் எழுத்து தேறுமா, இல்லை மாமாவின் டைல்ஸ் கடைக்கே போய்விடட்டுமா என்று ஒரு வருடமாக அக்காவைக் கேட்டுவந்தான். கிடைத்த பதில் எப்போதும் "பாக்கலாம்". காப்பி வேண்டுமா என்று கேட்டாலும் அவளுக்கு அதே பதில்தான். மாமா திங்கட்கிழமை வரை இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இன்றைக்குப் பிறகு அக்காவிடம் கேட்கவே வேண்டாம் என்று குடுக்கைக்குத் தோன்றியது.

அலுவலகத்துக்கு ஓடிச் சரியான கோப்பை எடுத்துவரலாம் என்று பையை மாட்டியபோது, முதுகுக்குப் பின்னால் யாரோ வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கூடத்தின் லிஃப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக். கருவிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு அவர்களுடைய மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இது பழுதாயிருக்கு," என்றான் குடுக்கை.

"பழுதுன்னா நம்ம வேலைதானே, தம்பி."

அவர் சிரிப்பைக் கேட்டு நாலு பேர் வந்தார்கள். நாலு பேரைப் பார்த்து நாற்பது பேர். ஆளுக்கொரு ஆட்டம் கேட்டு வரிசை வாசல்வரை நீண்டது. அசுரப் படை கோடரியோடு பாய்ந்துவந்தபோது, மற்றவர்கள் கைக்கு வந்த பதிலை அழுத்தி அழகாகச் செத்தார்கள். மெக்கானிக் மட்டும் தன் முறை வந்தபோதெல்லாம் "மொதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க" என்ற பதிலையே தேர்ந்தெடுத்தார். படை ஒதுங்கி வழிவிட்டது. மெயினை அணைக்காமல் லிஃப்டில் கை வைத்தவன் வீடு திரும்ப மாட்டான் என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கமும் சொன்னார். பையோடு நின்ற குடுக்கை பையை இறக்கிவைத்தான்.

நான்கு மணிக்கு நடுவர்கள் இருவரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த நேரம், மெக்கானிக் உச்சி மாடத்தில் நின்றார். எதிரே மலையளவு அசுர ராஜா. "இவ்வளவு கோபம் எதுக்கு சார்?" என்ற கேள்வியை அழுத்தினார். ராஜா வாயைத் திறந்தான். வசனக் கட்டம் காலி.

அக்கா குனிந்து கோப்பைப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில் எண் மட்டும் இருந்தது.

"கடைசி வரி எங்கடா?"

"எழுதல. முடிவு தெரியல, அக்கா."

அவள் கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள். "இப்ப எழுது."

கூட்டம் முழுவதும் அவன் விரல்களைப் பார்த்தது. வாழ்க்கையில் முதன்முறையாகக் குடுக்கை அவசரப்படவில்லை. வாயைத் திறந்தபடி தனியாக நின்ற அந்தப் பெரிய உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அடித்தான். மெக்கானிக் மறுபடி கேள்வியை அழுத்தினார். வசனம் வந்தது:

"முன்னூறு வருஷமா லிஃப்ட் ஓடல. எனக்கு முட்டி வலி, படி இறங்க முடியாது. கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. யாராவது மேல வந்து பாப்பாங்கன்னுதான் சத்தம் போட்டேன்."

மெக்கானிக் தொப்பியைக் கழற்றினார்.

"ரெண்டு போல்ட்டு வேலை," என்றார். "ஒருத்தன் வந்து பாத்திருக்கலாம்."

பிறகு எழுந்த கைதட்டலில் பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் விளையாட்டைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார்கள். நடுவர்கள் இருவரும் யார் முதலில் ஆடுவது என்று தங்களுக்குள் சச்சரவிட்டுக்கொண்டு, நாகத்திடமிருந்து தொடங்கினார்கள். சாயங்காலம் முதல் பரிசை அறிவித்தபோது, ஒட்டவே ஒட்டாத இரண்டு உலகங்களை இத்தனை துணிச்சலாக இணைத்ததற்கு என்றார்கள். துணிச்சல் முழுவதும் பென் டிரைவுடையது என்று குடுக்கை சொல்லவில்லை. அடக்கமாகத் தலையை மட்டும் குனிந்துகொண்டான்.

கம்ப்யூட்டரை அவனும் பரிசுக் கேடயத்தை அக்காவும் தூக்கிக்கொண்டு, மெக்கானிக் சரிசெய்துவிட்டுப் போன லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியது. சும்மா இருக்க முடியாமல் குடுக்கை கேட்டுவிட்டான்.

"அக்கா, என் எழுத்து தேறுமா?"

"பாக்க..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். கேடயத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நல்லா எழுதுறடா. மாமாகிட்ட வரலன்னு சொல்லிடு."