மெத்தைக்கடை பாயின் புல்லட்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் மெத்தைக்கடை வைத்திருந்த ஜெயினுலாபுதீனுக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை அவர் எந்த வண்டியும் ஓட்டியதில்லை. சைக்கிள்கூட.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்து குவார்ட்டர்ஸில் இறங்கின. வந்தவர்களுக்கெல்லாம் படுக்க மெத்தை வேண்டியிருந்தது. இலவம் பஞ்சும் மெத்தைத் துணியும் வாங்க ஜெயினுலாபுதீன் அடிக்கடி செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவார். அப்படிப் போய்த் திரும்பிய ஒரு சாயங்காலம் திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். பின்னால் புல்லட்டில் வந்த சுப்புராமன் அவரை அடையாளம் கண்டு வண்டியை நிறுத்தினார். சுப்புராமன் மின்நிலையத்தில் இன்ஜினியர். கடையில் மெத்தை வாங்கிய பழக்கம்.

"ஏறுங்க பாய். கடைவாசல்லயே விட்டுடறேன்."

பயந்துகொண்டேதான் ஏறினார். ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் பயம் போய்விட்டது. சதுரங்கப்பட்டினத்தை நெருங்கியபோது கடல்காற்று முகத்தில் அடித்தது. டீசல் வாடை இல்லை. மூச்சு முட்டவில்லை. வயிற்றைப் பிரட்டவில்லை. இதில் வந்தால் பதருன்னிசாவுக்கு ஒன்றும் செய்யாதே என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

பதருன்னிசா அவர் மனைவி. பஸ்ஸில் ஏறினாலே அவளுக்கு வாந்தி வந்துவிடும். எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. மகள் சைதூனைச் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகள் வீட்டுக்கு ஒரு தடவை போய்வந்தால் இரண்டு நாள் படுத்துவிடுவாள் பதருன்னிசா. அதனால் போவதையே விட்டுவிட்டாள். "அவளே வரட்டும், என்னால ஆவாது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லிவிட்டு மகளின் பழைய பாவாடையை எடுத்து மறுபடி மடித்து வைப்பாள்.

அடுத்த தடவை பஞ்சு வாங்கப் போனபோது ஜெயினுலாபுதீன் யாரிடமும் சொல்லாமல் மோட்டார் சைக்கிள் ஏஜென்சிக்குள் நுழைந்தார். மேனேஜர் தாமோதரன் பேர், ஊர் எல்லாம் எழுதிக்கொண்டு, "இன்னா கலர் வோணும்?" என்று கேட்டார்.

ஜெயினுலாபுதீன் நன்றாக யோசித்தார். "கறுப்பு."

"கறுப்பு மட்டுந்தான் வருது பாய். சும்மா கேட்டேன்."

"எப்ப வரும்?"

"வரும் பாய்."

அந்த 'வரும் பாய்' எத்தனை நீளமானது என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. பஞ்சுக்குப் போகும்போதெல்லாம் ஏஜென்சி பெஞ்சில் போய் உட்காருவார். தாமோதரன் ஒரு தடவை ஸ்ட்ரைக் என்பார். ஒரு தடவை டயர் தட்டுப்பாடு என்பார். ஒரு தடவை, "நேத்து ரெண்டு வந்துச்சு பாய். ரெண்டும் உங்களுக்கு முன்னாடி புக் பண்ணவங்களுக்குப் பூட்ச்சு" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். வண்டி வராவிட்டாலும் டீ வந்துவிடும். நாளடைவில் ஜெயினுலாபுதீன் வராத வாரம் தாமோதரனுக்கு என்னவோ போல் இருந்தது. தாமோதரனின் மர நாற்காலிக்கு அளவெடுத்து ஒரு திண்டு தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார் ஜெயினுலாபுதீன்.

அப்படி ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது தாமோதரன் சாதாரணமாகக் கேட்டார்: "சைக்கிள்லாம் நல்லா ஓட்டுவீங்க இல்ல? சைக்கிள் பேலன்ஸ் இருந்தா போதும் பாய், புல்லட் தன்னால வந்துடும்."

ஜெயினுலாபுதீன் டீயை விழுங்கினார். தலையை ஆட்டினார்.

சைக்கிளில் சிரமமே மிதிப்பதுதான் என்று அவர் நினைத்திருந்தார். இன்ஜின் வைத்த வண்டியை இன்ஜினே பார்த்துக்கொள்ளும், மேலே உட்காருகிறவன் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தார். சின்ன வயதில் அப்பாவின் கடையில் உட்கார்ந்தவருக்கு, எழுந்து சைக்கிள் பழக நேரமே வாய்க்கவில்லை. வளர்ந்த பிறகு வெட்கம்.

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டிருந்த பதருன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். புல்லட் புக் செய்ததை, ஏன் செய்தார் என்பதை, சைக்கிள் விஷயத்தை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

"இதுல சிரிக்க இன்னா கீது?"

"எனக்காவா புக் பண்ணீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அவள் இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தாள்.

"எனக்கு சைக்கிள் வரும், தெரியுமா? படாளத்துல எங்க அண்ணன் சைக்கிள்ல களத்துமேட்டச் சுத்திச்சுத்தி வருவேன். வயசுக்கு வந்த பெறவுதான் எறக்கி வுட்டுட்டாங்க. நான் சொல்லிக் குடுக்கறேன், வாங்க."

கடையில் மெத்தை கொண்டுபோய்ப் போட ஒரு சைக்கிள் இருந்தது. சுபுஹு தொழுகை முடிந்ததும், ஊர் விழிப்பதற்குள், அதைத் தள்ளிக்கொண்டு சவுக்குத்தோப்புக்குள் போனார்கள். ஜெயினுலாபுதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார, பதருன்னிசா பின்னாலிருந்து கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

"நேரா பாருங்க. கீழ பாக்காதீங்க. நான் புடிச்சிகினு கீறேன், நீங்க மிதிங்க."

அவள் பிடித்திருக்கும்வரை சைக்கிள் ஒழுங்காகப் போனது. பேசிக்கொண்டே ஓடிவருவாள். இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே என்று எதையாவது. கொஞ்ச தூரம் போனதும் சத்தமில்லாமல் கையை எடுப்பாள். குரல் பின்தங்குவதை வைத்தே அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"வுட்டுட்டியா?"

"வுடல, வுடல! மிதிங்க!"

அதற்குள் மணலில் கிடப்பார். ஓடிவந்து தூக்கி, முழங்காலில் ஒட்டிய சவுக்கு ஊசிகளைத் தட்டிவிடுவாள். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஓடி ஓடிப் பதருன்னிசாவின் உடம்பு இளைத்தது. அவர் விழுவது மட்டும் குறையவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒருநாள்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, கடை, வீடு, தொழுகை தவிர அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

மீன் கூடையோடு குறுக்கு வழியில் வந்த செங்கம்மாள் ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"இன்னா பாய் இது! வூட்டுக்காரம்மா மூச்சு வாங்க ஓடியாருது, நீ ஜோரா குந்திகினு போற?"

"சைக்கிள் கத்துக்குறாரு செங்கம்மா. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள் பதருன்னிசா.

"நான் ஏன் சொல்றேன்?" என்ற செங்கம்மாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவர் இரண்டு தடவை விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

வெயில் காலத் தொடக்கத்தில் வண்டி வந்துவிட்டது. செங்கல்பட்டு போயிருந்த சுப்புராமன்தான் கடைவாசலில் நின்று, "பாய், உங்க நம்பர் வந்துடுச்சாம். தாமோதரன் சொல்லச் சொன்னார்" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜெயினுலாபுதீன் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, காலையில் விழுந்து சிராய்த்த முழங்காலைத் தடவிப் பார்த்தார்.

மறுநாள் ஏஜென்சிக்குப் போனார். புது வண்டி கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று நின்றது. அதைப் பார்க்காமல் தாமோதரனைப் பார்த்தார்.

"இந்த தபா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க. நான் அடுத்த லோடுல எடுத்துக்கறேன்."

தாமோதரனுக்குப் புரியவில்லை. முறையை முன்னால் தள்ளக் கேட்டு வருகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும். பின்னால் தள்ளக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அடுத்த லோடு வந்தபோதும் ஜெயினுலாபுதீன் அதையே சொன்னதும், தாமோதரன் எழுந்து வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா பாய் விசயம்? வூட்ல வேணாங்கறாங்களா?"

"அவ வேணாங்கல." ஜெயினுலாபுதீன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். "எனக்கு சைக்கிளே வரல தாமோதரன். அவளும் எம் பின்னாடி எத்தினி மாசம்தான் ஓடுவா?"

சிரிப்பு வருவதற்குள் தாமோதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையனை டீ வாங்கிவரச் சொன்னார். திரும்பியபோது முகம் சரியாக இருந்தது.

"உங்க பேர அப்டியே வச்சிருக்கறேன் பாய். எப்ப சொல்றீங்களோ அப்ப" என்றார்.

அந்தச் சமயத்தில் மாமல்லபுரத்தில் உறவில் ஒரு கல்யாணம் வந்தது. பஸ் வேண்டாமென்று குதிரைவண்டி பேசிக்கொண்டு புருஷனும் மனைவியும் போனார்கள். கல்யாணச் சாப்பாடு முடிந்து, கடற்கரைக் கோயில் பக்கம் காற்று வாங்கப் போனபோது, ரோட்டோரம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி என்னவோ முடுக்கிக்கொண்டிருந்தான். வண்டியின் பக்கவாட்டில் தோணி மாதிரி ஒரு பெட்டி, அதற்குத் தனியாக ஒரு சக்கரம். பெட்டிக்குள் வெள்ளைக்காரி கால் நீட்டி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

பதருன்னிசா நின்றாள். பிறகு நேரே வண்டியிடம் போனாள்.

"பதரு, வா. ஜனங்க பாக்குது."

"பாக்கட்டும்."

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஹேண்டில் பாரில் இரண்டு கையையும் வைத்து அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். தாடிக்காரன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"இன்னாங்க, இங்க வாங்க. நீங்களும் தள்ளுங்க."

"எதுக்கு?"

"தள்ளுங்களேன்."

அவர் தயங்கித் தயங்கித் தள்ளினார். வண்டி அசையவில்லை.

"சாயுதா?"

"சாயல."

"மூணு சக்கரம். எப்டிச் சாயும்?" என்றாள் பதருன்னிசா. பிறகு வெள்ளைக்காரியிடம் திரும்பிக் கையால் காட்டி, "நான் கொஞ்சம் குந்திக்கட்டுமா?" என்று தமிழிலேயே கேட்டாள். அவளுக்கு அது எப்படிப் புரிந்ததோ, எழுந்து இடம் விட்டாள். துப்பட்டியை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு பதருன்னிசா பெட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். கால் நீட்டிப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். ஜெயினுலாபுதீன் யாராவது உறவுக்காரர் வருகிறாரா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரி கொடுத்த கொய்யாப்பழத்தைத் தின்று முடித்துவிட்டுத்தான் அவள் இறங்கினாள்.

தாமோதரன் விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டினார். "சைடு காரு! எனக்கு ஏன் தோணல? மெட்ராஸ்ல புதுப்பேட்டையில தெரிஞ்ச ஆளு கீறான், கட்டிக் குடுப்பான். சாயவே சாயாது பாய். ஆனா இடது பக்கம் இழுக்கும். கைய விறைப்பா வச்சிக்கணும்."

"கைய நான் வச்சிக்கறேன்" என்றார் ஜெயினுலாபுதீன்.

அடுத்த லோடில் வந்த புல்லட் மெட்ராஸ் போய்ச் சைடு காரோடு திரும்பியது. கொளவாய் ஏரிக்கரைத் திடலில் தாமோதரனே பழக்கினார். அவர் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு கத்த, ஜெயினுலாபுதீன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். வண்டி முதலில் இடது பக்கமாகவே வட்டம் போட்டது.

"ஏரிக்குள்ள வுட்றாதீங்க பாய்! எனக்கு நீச்சல் தெரியாது!"

ஆனால் விழவில்லை. எத்தனை கோணலாகப் போனாலும் வண்டி விழவில்லை. அந்த ஆச்சரியமே அவருக்குப் பாதி தைரியம் கொடுத்தது. லைசென்ஸ் வாங்கிய அன்று தாமோதரனைக் கட்டிப்பிடித்துவிட்டுத் தனியாகவே ஊருக்கு ஓட்டிவந்தார். கடைத்தெருவே வெளியில் வந்து நின்று பார்த்தது.

நல்ல இலவம் பஞ்சாகப் பார்த்து எடுத்து, பெட்டியின் அளவுக்கு ஒரு மெத்தை தைத்தார். ஒரு காலையில் பதருன்னிசா வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். மடியில் மகளுக்குக் கொண்டுபோகும் கருவாட்டுப் பொட்டலம்.

சதுரங்கப்பட்டினம் வரை இரண்டு பேரும் பேசவில்லை. அவர் ரோட்டைப் பார்ப்பதும், ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்ப்பதுமாக ஓட்டினார். அவள் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் மலை தெரிந்தபோது, "பதரு, வயித்த இன்னா பண்ணுது?" என்று கேட்டார். பதில் வரவில்லை. இன்னும் உரக்கக் கேட்டார். அதற்கும் பதில் இல்லை. பதறிப்போய் வண்டியைப் புளியமரத்தடியில் ஒதுக்கிக் குனிந்து பார்த்தார்.

வாய் லேசாகத் திறந்திருக்க, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பதருன்னிசா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இன்ஜின் தடதடத்துக்கொண்டிருந்தது. நிறுத்தினால் விழித்துவிடுவாளோ என்று அவர் நிறுத்தவில்லை. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "இன்னா பாய், ரிப்பேரா?" என்று கேட்டார்.

ஜெயினுலாபுதீன் உதட்டில் விரலை வைத்தார். "ரிப்பேர் இல்ல. வூட்ல தூங்குறாங்க."

அதன்பிறகு ரொம்ப மெதுவாக ஓட்டினார். பள்ளங்களைச் சுற்றிப் போனார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தபோது ஓரங்கட்டி, சத்தம் போடாதே என்று டிரைவருக்குக் கைகாட்டினார். டிரைவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வெயில் ஏறிய பிறகுதான் செங்கல்பட்டு வந்தது. மகள் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் சைதூன் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ஓடிவந்தாள். சைடு காரையும் அதற்குள் தன் அம்மாவையும் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா! எங்கம்மாவா இது!"

பதருன்னிசா கண் விழித்தாள். ஒரு நிமிஷம் இடம் புரியாமல் பார்த்துவிட்டுத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏம்மா, வழியெல்லாம் தூங்கிகினா வந்த?"

"நான் எங்கடி தூங்கினேன்? எல்லாத்தையும் பாத்துகினுதான் வந்தேன்" என்று சொல்லி இறங்கி, பொட்டலத்தை மகள் கையில் கொடுத்தாள்.

சைதூன் அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, தூங்கல" என்றார் ஜெயினுலாபுதீன், மரத்துப்போன கைகளை உதறிக்கொண்டே. "பேசிகினுதான் வந்தோம்."