என் வலது கண்ணின் நிலா

பட்டுப்புடவையில் குறை கண்டுபிடிக்க ஆரணியில் என்னை விட்டால் ஆளில்லை. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, நானேதான். இருபத்திரண்டு வருடமாக ஒரு பட்டு முதலாளியிடம் புடவை சரிபார்க்கிறேன். இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்து, நான் "டேமேஜ்" என்று சொல்லிவிட்டால் அப்பீலே கிடையாது.

அவ்வளவு பெரிய கண்ணுக்கு ஊர் போதவில்லை. வானத்தையும் ஒரு கை பார்க்கலாமென்று ஆன்லைனில் ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கினேன். பொழுது சாய்ந்ததும் வீட்டின் பின்பக்கம், துணிக்கொடிக்கும் மோட்டார் கொட்டகைக்கும் நடுவில் அதை நிறுத்திக்கொண்டிருந்தபோது சேவூர் தென்னரசு வந்தான். கையில், நான் காலையில் திருப்பி அனுப்பிய புடவை. ஒரு சர்ச் கல்யாணத்துக்காக அவன் நெய்த வெண்பட்டு. வெள்ளை பழுத்துக் கிடக்கிறது என்று தள்ளியிருந்தேன்.

"இன்னொரு வாட்டி பாத்துடுங்க சார். இது டேமேஜ்னா இனிமே நெய்யப் பாவு நூலே தரமாட்டேன்னுட்டாரு மொதலாளி."

"இரு, நிலாவப் பாத்துட்டு வரேன்" என்றேன். அவன் பிழைப்பு காத்திருக்கலாம், நிலா காத்திருக்குமா! என் புத்தி அப்படி.

அரை நிலா அகப்பட்டது. பழைய வேட்டி மாதிரி மஞ்சளாய், மங்கலாய் இருந்தது. வந்ததே கோபம்! டெலஸ்கோப் விற்றவனைத் திட்டினேன், பனியைத் திட்டினேன், களம்பூர் ரைஸ் மில் புகையைக்கூட விடவில்லை.

"நீயும் பாரு தென்னரசு. நல்லா ஏமாத்திட்டானுங்க."

அவன் குனிந்து பார்த்தான். "ஐயோ, வெள்ளை வெளேர்னு கீதே சார்! பள்ளம் பள்ளமா தெரியுது!"

"வெள்ளைன்னா என்னன்னே உனக்குத் தெரியலை. அதனாலதான் புடவை அந்த லட்சணத்துல கீது."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி சோபியா, ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "வெள்ளையாத்தாங்க இருக்குது. எப்பவும் ஒரே கண்ணாலயே பாத்துகினு இருக்கீங்களே, இன்னொரு கண்ணத் தொறந்துதான் பாருங்களேன்."

அவளை முறைத்துவிட்டு இடது கண்ணை வைத்தேன். பளீரென்று வெள்ளை. வலது கண்ணை வைத்தேன். மஞ்சள். மறுபடி இடது. வெள்ளை.

"புடவையப் பிரி" என்றேன். கொடியில் போட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். வலது கண்ணுக்குப் பழுப்பு. இடது கண்ணுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாத வெண்பட்டு. புரை விழுந்திருந்தது என் கண்ணில்தான்.

அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டு, புடவை சுத்தம், தப்பு என்னுடையது என்றேன். வெட்கத்தில் காது சுட்டது. தென்னரசு சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் புடவையை மடித்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப எங்க தெரு தமிழ்ச்செல்வி நெய்த புடவை சார்? போன மாசம் அதையும் பழுத்துப்போச்சுன்னுதான திருப்பினீங்க? பாவு நின்னுபோயி, அது களம்பூர் மில்லுல நெல்லு கிளறிகினு கீது."

பைக் சாவியை எடுத்தேன். "இந்தக் கண்ண வெச்சிகினு வண்டி ஓட்டாதீங்க" என்று சோபியா அதைப் பிடுங்கித் தென்னரசிடம் கொடுத்தாள். அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து சேவூர் போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்த தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனாள்.

"இன்னா சார், இன்னும் எதுனா டேமேஜா?"

"ஆமாம்மா" என்றேன். "என் கண்ணு."