பெட்டியைத் திறக்காத பன்னிரண்டு நாள்

பெட்டி என்றால் மரப்பெட்டி அல்ல, கம்ப்யூட்டரில் பூட்டிவைத்த எண்கள். உடும்பஞ்சோலையில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் நானும் கௌரியும் பதினோரு வருடமாக ஒரு புதிய துகளைத் தேடினோம். கடைசிச் சோதனை முந்நூறு நாள். அதுவரை யாரும் முடிவைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மனசு தனக்கு வேண்டியதைத்தான் கண்டுபிடிக்கும். அதனால் கடவுச்சொல்லில் பாதி என்னிடம், பாதி கல்பாத்தியிலிருக்கும் கௌரியிடம். விதியை எழுதியவன் நான். பெரிய யோக்கியன்!

இருநூற்று எண்பத்தெட்டாம் நாள் கௌரி போனில் கத்தினாள்.

"அமர்நாத், வெளிநாட்டுக்காரா வியாழக்கிழமை அறிவிக்கப் போறா. அதே துகளாக்கும். என் பாதியை அனுப்பிட்டேன். இப்பவே தொற."

"இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கே."

"பதினோரு வருஷம் போச்சு, நோக்குப் பன்னிரண்டு நாள் பெரிசா? முதல்ல சொல்றவாளுக்குத்தான் பேர்."

"விதின்னா விதிதான்" என்று போனை வைத்தேன்.

அவளுடைய பாதி என் திரையில் கிடந்தது. தட்டினால் பத்து விநாடி வேலை. கை போகவில்லை. வெளியே ஓயாத மழை, பேச ஆளில்லை. சமைத்துத் தரும் அழகுத்தாய் மட்டும், "என்ன சார், வச்ச சோறு வச்சபடி இருக்கு?" என்று திட்டிவிட்டுப் போவாள்.

வியாழக்கிழமை அவர்கள் அறிவித்தார்கள். முந்நூறாம் நாள் நான் திறந்தேன். துகள் இருந்தது. அவர்கள் கண்டதைவிடத் தெளிவாக இருந்தது, பாழாய்ப்போனது! உட்கார்ந்து அழுதேன்.

பாத்திரம் எடுக்க வந்த அழகுத்தாய் பதறிவிட்டாள்.

"ஒண்ணுமில்ல அக்கா. தேடினது கெடைச்சுடுத்து. ஆனா நாங்க ரெண்டாவது."

"அதென்ன சார் ரெண்டாவது? காணாமப்போன ஆட்ட மொதல்ல பாத்தவன் புடிச்சிட்டுப் போயிருவாம்ல? பெறகு வாறவனுக்கு என்ன இருக்கு?"

அவளுக்கு விளங்கியது, எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டுக் கௌரியைக் கூப்பிட்டேன்.

"ரொம்பத் தெளிவா இருக்கு, கௌரி. முதல் பேரா உன் பேரைப் போட்டிருக்கேன்."

"என் பேரை எடுத்துடு."

"விதிப்படிதானே நான்..."

"விதியைச் சொல்லாதே. பெட்டி காலியா இருந்துடுமோன்னு நோக்குப் பயம். அதை வாயைத் தொறந்து சொல்லியிருந்தா, பஸ் ஏறி வந்து நானும் உன்கூடப் பயந்துண்டு உக்காந்திருப்பேனே!"

வைத்துவிட்டாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். கட்டுரையை ஒற்றைப் பெயரில் அனுப்பினேன்.