உங்களை எப்படி அழைக்கலாம்?

இனாஸ் காலைத் தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தபோது வக்தி தன் கைப்பேசியை அவள் மேசைமேல் வைத்தார். குழுவின் தலைவர் அவர். கோபம் வந்தால் பேச மாட்டார், இப்படி எதையாவது வைத்துவிட்டு நிற்பார். மன்சூரா நகரின் ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்காக அவர்கள் எழுதிய செயலி முந்தின நாள்தான் நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தது. அந்தப் பகுதி முழுக்க இனாஸ் எழுதியது. ‘அன்புள்ள அப்த், உங்கள் சர்க்கரைப் பரிசோதனை முடிவு தயார்’ என்றது திரை.

அப்த் என்றால் அடிமை. செய்தி போய்ச் சேர்ந்தது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அப்த் ரப்போவுக்கு. தன் இறைவனின் அடிமை என்பது அவர் பெயர். முதல் இடைவெளியோடு பெயரை வெட்டச் சொல்லி நிரல் எழுதியிருந்தாள் இனாஸ். இறைவன் போய்விட்டான், அடிமை மட்டும் மிஞ்சினான். மனிதர் காலையிலேயே பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்திருந்தார்.

இணையத்தில் அவள் படித்த வகுப்பின் உதாரணங்களில் வந்தவர்களுக்கெல்லாம் முதல் பெயர் ஒரே சொல். அதை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தாள். சொந்தத் தாய்மாமன் பெயரே அப்துல் முன்இம். அரபியில் எழுதும்போது அதுவும் அப்த் என்று தொடங்கும் இரண்டு சொல்தான். பிறந்ததிலிருந்து அவரை ஒருநாளும் அப்த் என்று கூப்பிட்டதில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது எப்படி மறந்தது என்றுதான் விளங்கவில்லை.

“முதல் சொல் அப்த்னு வந்தா அடுத்த சொல்லையும் சேர்த்துக்கச் சொல்லு, பஷ்முஹந்திஸா. சின்ன வேலை. மதியத்துக்குள்ள ஏத்திடலாம்” என்றார் வக்தி.

பஷ்முஹந்திஸா. தலைமைப் பொறியாளரே. ஆணானால் பஷ்முஹந்திஸ். அந்த ஊரில் ஆட்டோ ரிப்பேர் செய்பவர், மொட்டை மாடியில் டிஷ் கட்டுபவர், எல்லாருமே தலைமைப் பொறியாளர்தான். ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் இரவல் உடுப்பில் கல்யாணத்துக்கு வந்தவள்போல் இனாஸ் கூசிப்போவாள். படித்தது வணிகவியல். துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே வீடியோ பார்த்துக் கற்ற வித்தை இது. வியாழக்கிழமையோடு சோதனைக் காலம் முடிகிறது. இருப்பதா போவதா என்று வக்திதான் சொல்ல வேண்டும். இந்த வேலை அவளுக்கு வேண்டும். பசித்தவனுக்குச் சோறு வேண்டுவதுபோல் வேண்டும்.

சொன்னதைச் செய்தாள். பிறகு பெயர்களை ஓடவிட்டுப் பார்த்தாள். ‘வெற்றியின் வாள்’ என்று பொருள்படும் சைஃபுன் நஸ்ர் வெறும் வாளாகிப்போனார். ‘ஹாஷிமின் தாய்’ என்று பொருள்படும் உம்மு ஹாஷிம் என்ற கல்யாணமாகாத பெண்ணை அவள் நிரல் ‘அன்புள்ள அம்மா’ என்றது. ஒவ்வொன்றாக ஒட்டுப் போட்டாள். ஒன்றை அடைத்தால் வேறொன்று பிய்த்துக்கொண்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மதியம் யாரிடமும் சொல்லாமல் அந்தத் தலைமையாசிரியரை அழைத்து மன்னிப்புக் கேட்டாள். அவர் சீக்கிரத்தில் அடங்குகிற ஆளில்லை. தப்பைச் செய்துவிட்டு இப்போது சமாதானம் பேச வந்தாயா என்று எகிறினார். எல்லாம் கேட்டுவிட்டு, உங்களை எப்படி அழைக்கட்டும் என்றாள்.

“என்னை எல்லாரும் மரியாதையா உஸ்தாத் அப்த் ரப்போன்னுதான் கூப்பிடுவாங்க. முதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. கேட்கிறதுக்கு உங்க கம்ப்யூட்டருக்கு என்ன, வாய் இல்லையா?”

போனை வைத்துவிட்டு, வெட்டுகிற வரிகளையும் காலையிலிருந்து போட்ட ஒட்டுகளையும் மொத்தமாக அழித்தாள். வக்தியிடம் போய், இனி ஊகிக்க வேண்டாம், பதிவு செய்யும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடலாம் என்றாள். கவுன்டரில் கூட்டம் நெருக்கும், பரிசோதனைக்கூடத்துக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவர் மறுப்பாகத் தலையாட்டினார்.

“சோதனைக் காலம் முடியிற வாரத்துல உனக்கு எதுக்கு இந்த வம்பு?”

“ஒட்டு நாளைக்கே கிழிஞ்சிடும், பஷ்முஹந்திஸ். வியாழக்கிழமை நீங்க போன்னு சொன்னாலும் போறேன். ஆனா இதை முடிச்சுட்டுத்தான் போவேன்.”

“அப்ப அந்த ஆள்கிட்ட நீயே பேசு” என்று வக்தி பரிசோதனைக்கூடத்துக்காரரின் எண்ணைக் கொடுத்தார். தட்டிக்கழித்தாரா தோள் கொடுத்தாரா, அவருக்கே வெளிச்சம். இனாஸ் பேசினாள். பரிசோதனைக்கூடத்துக்காரர் பிடிகொடுக்கவில்லை, மறுநாளும் பேசினாள். ஒரே ஒரு கவுன்டரில், வியாழன் முதல், சரிவராவிட்டால் தூக்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு இறங்கிவந்தார்.

வியாழன் காலை புதிய பக்கம் திறந்தது. கவுன்டருக்குப் போகுமுன் யாராவது ஒருவர் பெயரைப் போட்டு, குறுஞ்செய்தி சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். வக்தி தேநீர்க் கோப்பையோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் இருப்பதா போவதா என்பது பற்றி அதுவரை வாய் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இனாஸ் தன் பெயரையும் கைப்பேசி எண்ணையும் தட்டினாள். அடுத்த வரி கேட்டது: உங்களை எப்படி அழைக்கலாம்?

விரல்கள் விசைப்பலகைமேல் ஒரு கணம் நின்றன. பிறகு ஓர் எழுத்தும் விடாமல் நிதானமாக அடித்தாள்: பஷ்முஹந்திஸா இனாஸ்.

பதிவு செய் என்பதை அழுத்தியதும், மேசைமேல் கவிழ்ந்துகிடந்த அவள் கைப்பேசி மரப்பலகையில் உறுமிக்கொண்டே நகரத் தொடங்கியது.