கோரம்

டிரங்குப் பெட்டிக்குள் சலவை வேட்டியைத் துழாவிய ஆவுடைத்தாயின் கையில் ஒரு நோட்டுதான் முதலில் தட்டுப்பட்டது. முற்றத்தில் அவள் புருஷனைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். உடுத்த வேட்டி கேட்டுக் குரல் வந்துகொண்டே இருந்தது. வேட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டு நோட்டை விரித்தாள்.

மேலே அவருடைய உருண்டை எழுத்து. அஞ்சல் ஊழியர் சங்கம், தென்காசிக் கிளை, பொதுக்குழு, ஞாயிறு மாலை மூன்று மணி. கீழே ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண். ஒன்றுக்கு நேரே சுந்தரபாண்டியன் என்று கையெழுத்து. மற்ற பதினொன்றும் காலி.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிறு. நேற்று குற்றாலத்துச் சாரலில் நனைந்தபடி லாட்ஜ் லாட்ஜாக ஏறித் தபால் கொடுத்துவிட்டு, ஆபீஸ் ஆட்களை வீடுவீடாகப் போய்க் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு வந்து படுத்த மனிதர். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், "இன்னைக்குக் கோரம் இல்லட்டீ" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "கோரம் இல்லன்னா நல்லதுதான? எதுக்கு மூஞ்சி இப்படிப் போவுது?" என்று இவள் கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாச்சியார் எட்டிப் பார்த்தாள். ஒரு கூட்டம் செல்லுபடியாக இத்தனை தலை வேண்டும் என்பதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயராம் அது. வெள்ளைக்காரன் போய்விட்டான், கோரம் போகவில்லை.

போன வருஷம் ஜூலையில் நாடு முழுக்க நடந்த வேலைநிறுத்தம் அஞ்சு நாளில் முறிந்துபோனது. சங்கத்துக்கு இருந்த அங்கீகாரமும் போனது. அதற்குப் பிறகு கூட்டம் என்றாலே ஆளுக்கொரு வயிற்றுவலி. இரண்டு தடவை கோரமில்லாமல் கலைந்தாயிற்று. மூன்றாவதும் கலைந்தால் கிளையை மூடித் திருநெல்வேலியோடு சேர்த்துவிடுவதாக மேலிடத்துக் கடிதம் வந்திருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவரோடு இருபது வருஷம் தபால் பிரித்த முகம்மது இஸ்மாயிலைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மொதக் கையெழுத்துக்குத்தான் எல்லாரும் பயப்படுதான்னு சொல்லுவாரு தங்கச்சி. அதான் அவரே போட்டு வச்சிருக்காரு."

"வெளிய ஆபீஸ் ஆளு எத்தன பேரு அண்ணாச்சி?"

இஸ்மாயிலுக்கு உடனே விளங்கிவிட்டது. "என்னோட சேத்துப் பதினொண்ணு. எழவு வீட்டுக்குப் போகாதேன்னு எந்த அதிகாரியும் சொல்ல முடியாதுல்லா."

"அவுக போட்டதோட பன்னெண்டு ஆச்சே."

"மௌத்தானவரை எண்ணக் கூடாதும்மா. கோரத்துக்கு உசுரோட பன்னெண்டு பேரு வேணும், சட்டம் அப்படி."

"இன்னொரு நாள் வச்சா?"

"வைக்கலாம். இதுல பாதிப் பேரு வரமாட்டான்."

நோட்டு பந்தலுக்குப் போனது. பறை அடிப்பவர்கள் ஓய்ந்திருந்த நேரம். ஒருவர் முழங்கால்மேல் வைத்துப் போட்டார், ஒருவர் முன்னால் இருந்தவர் முதுகில் வைத்துப் போட்டார். வயிற்றுவலிக்காரர்களும் போட்டார்கள். ஒரு வருஷமாக இவர்களை அவள் வையாத நாளில்லை. இப்போது ஜன்னல் வழியாக ஒவ்வொருவராகப் பார்க்கப் பார்க்க, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பன்னிரண்டு வரிசையும் நிறைந்தது. இஸ்மாயில் அடியில் பதின்மூன்று என்று எழுதிவிட்டு நோட்டை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு ஆளில்லை.

வாசலில் சைக்கிள் நின்றது. தந்தி கொண்டுவந்திருந்தான் பிச்சைமணி. வேலைநிறுத்தத்தின்போது மூன்றாம் நாளே தலையைக் குனிந்துகொண்டு ஆபீசுக்குள் போனவன். அதற்குப் பிறகு தெருவில் இவளைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவான். இன்றைக்குத் திருப்ப முடியவில்லை.

"பம்பாயிலேர்ந்து ஒங்க அண்ணன் அடிச்சிருக்காருக்கா. பொறப்பட்டாச்சாம், ஆனா காத்திருக்க வேண்டாமாம்." வழக்கம்போல ஊதாப் பென்சிலை நாக்கில் தொட்டு நீட்டினான். "இங்கன ஒரு கையெழுத்து."

போட்டுக் கொடுத்தாள். பென்சிலைத் திருப்பித் தரவில்லை. மடியிலிருந்த நோட்டை எடுத்துப் பதின்மூன்றாம் எண்ணில் விரலை வைத்தாள்.

"நீயும் இங்கன ஒண்ணு போடுலே."

பிச்சைமணி பின்வாங்கினான். "சங்கத்துல எம் பேரைத்தான் அப்பவே அடிச்சிருப்பாவளே."

"அடிக்கணும்னு எல்லாருந்தான் சொன்னாவ. நானுஞ் சொன்னேன்." ஆவுடைத்தாய் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அவுகதான் கேக்கல. பயந்தவன் பேரை அடிச்சா அப்புறம் யாரு பேருலே மிஞ்சும்னு சொன்னாவ."

பிச்சைமணி உள்ளே பார்த்தான். சலவை வேட்டியில் கட்டைவிரல்கள் கட்டப்பட்டுக் கிடந்தார் அவர். பார்த்துக்கொண்டே பென்சிலை வாங்கினான். நாக்கில் தொட்டான், தொட்டதை மறந்து இன்னொரு தடவையும் தொட்டான். பிறகு முழுப் பெயரையும் எழுதினான்.

"அங்கீகாரம் போனா என்ன, ஆளு இருக்கு," என்றார் இஸ்மாயில், யாரிடம் என்றில்லாமல். "காரியம் முடிஞ்சு சித்தாத்துல குளிச்சுட்டு, அங்கன படித்துறையிலயே கூடிருவோம்."

ஆவுடைத்தாய் எழுந்துபோய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒப்பாரி வைத்த பெண்கள் அவளும் தொடங்கப்போகிறாள் என்று இடம்விட்டார்கள். அவள் காதருகே குனிந்தாள்.

"கோரம் இருக்கு," என்றாள்.

பிறகுதான் அழுதாள். அந்த அழுகை அவளுக்கு நன்றாக இருந்தது.

பிச்சைமணி தந்தி ரசீதைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கினான். "ஆபீஸ்ல இதக் குடுத்துட்டு நேரே ஆத்துக்கு வந்துருதேன் அண்ணாச்சி," என்று இஸ்மாயிலிடம் சொன்னவன், வீடுவீடாகச் சொல்லிப் பழகின வாயால் உள்ளே திரும்பி, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டான்.

எழவு வீட்டில் யாரும் சொல்லாத சொல். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிச்சைமணி நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். நுனி முழுக்க ஊதா.

"வாலே," என்றாள் ஆவுடைத்தாய்.