கடலுக்கடியில் பரராசசிங்கம்

பரராசசிங்கத்தாரின் வள்ளம் நெடுந்தீவுக்குப் போகிற வழியில் மூழ்கி மூன்று மாதமாகிறது. எந்த இடம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான அவரோ, இந்தியாப் பக்கமாகக் கையை வீசிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

கஜாலினிக்கு அந்த வள்ளம் வேண்டும். நிலாவெளியில் ஆறு வருடம் வெள்ளைக்காரருக்குச் சிலிண்டர் தூக்கியவள், போன வருடம்தான் மண்கும்பான் கடற்கரையில் சொந்தமாக ஒரு டைவிங் கொட்டில் போட்டிருந்தாள். அவளோடு முழுகியவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. சாகவில்லை, அலுத்துப்போனார்கள். அடியில் இருந்தது மணலும் பாசியும்தான். அதைப் பார்க்கச் சிலிண்டர் எதற்கு, கோவணம் போதும். சனிக்கிழமை கொழும்பிலிருந்து நாலு பேர் வருகிறார்கள். மூழ்கிய வள்ளம் காட்டுகிறேன் என்று அவர்களிடம் வாயை விட்டிருந்தாள். இதுவும் சரிவராவிட்டால் கொட்டிலைப் பிரித்துவிட்டு மறுபடி நிலாவெளிக்குப் போய்ச் சிலிண்டர் தூக்கவேண்டியதுதான்.

அன்றைக்கு வள்ளத்தை ஓட்டி, நீந்திக் கரையேறியவர் அரியநாயகம். முன்பெல்லாம் சின்ன ஓரா மீனைத் தவிர வேறொன்றும் கொண்டுவராத மனுஷன், இப்போது கிழமைக்கு மூன்று நாள் கொழுத்த கலவாய் மீனோடு வந்திறங்கினார். கலவாய் வெறும் மணலில் குடியிருக்காது. ஒளிந்துகொள்ள அதற்கொரு வீடு வேண்டும். கஜாலினி அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் நெளிந்தார். இடத்தைச் சொல்லமாட்டேன் என்று பரராசசிங்கத்தாருக்குப் பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாராம்.

"வாயாலை சொல்ல ஏலாது, பிள்ளை," என்றார் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துவிட்டு. "ஆனா நாளைக்குக் காலமை மீனுக்குப் போறன். பின்னாலை ஆர் வருகினம் எண்டு திரும்பிப் பாக்கிற பழக்கம் எனக்கில்லை."

பிள்ளையாருக்கும் குறையில்லை, கஜாலினிக்கும் குறையில்லை.

மறுநாள் அவள் இறங்கினாள். ஐந்து பாகம், முப்பதடி ஆழத்தில் வள்ளம் ஒருக்களித்துக் கிடந்தது. பக்கத்தில் சால்வை போட்ட ஓர் ஆள் நிமிர்ந்து நின்றார். கஜாலினி பாதிச் சிலிண்டரை ஒரே மூச்சில் இழுத்துவிட்டாள். கிட்டப் போய்ப் பார்த்தால் சீமெந்துச் சிலை. சாட்சாத் பரராசசிங்கத்தார். பீடத்தில் அவர் பிறந்த ஆண்டு வெட்டியிருந்தது. மற்ற ஆண்டுக்கு இடம் விட்டிருந்தது.

கரைக்கு வந்ததும் மிச்சத்தை அரியநாயகமே சொன்னார். சத்தியம் இடத்தைப் பற்றித்தான், சரக்கைப் பற்றி இல்லையாம். நெடுந்தீவில் தான் கட்டிக்கொடுத்த வாசிகசாலைக்கென்று பரராசசிங்கத்தார் செய்வித்த சிலை அது. துணி சுற்றி வைத்திருந்து, அவர் காலமான பிறகு திறப்பதாக ஏற்பாடு. உயிரோடிருக்கிறவர் தனக்கே சிலை செய்வித்தார் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். இந்த ஊர் சிரிக்கத் தொடங்கினால் மூன்று தலைமுறைக்கு நிறுத்தாது.

செய்தி காதுக்கு எட்டி, பின்னேரமே பரராசசிங்கத்தார் கொட்டிலுக்கு வந்து கத்தினார். வள்ளமும் தன்னுடையது, சிலையும் தன்னுடையது, ஒருவரும் கிட்டப் போகக்கூடாது என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை, அதுதான் சிக்கல். கஜாலினி கோபத்தோடு, அடியில் எடுத்த படத்தைத் தொலைபேசியில் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்தார். அவருடைய மகன்மார் இரண்டு பேரும் கனடாவில். தாயின் செத்தவீட்டைக்கூடத் தொலைபேசியில் பார்த்தவர்கள்.

"அவங்கள் வந்து எனக்கொரு சிலை செய்வாங்கள் எண்டு நம்பேலாது, பிள்ளை," என்றார். "அதுதான் நானே செய்விச்சனான்."

கஜாலினிக்குக் கோபமெல்லாம் இறங்கிப்போயிற்று. பாவமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

"இதை ஆரும் பாக்க வருவினமோ?" என்று கேட்டார் அவர்.

"சனிக்கிழமை நாலு பேர் வருகினம், ஐயா. நீங்கள் ஓமெண்டால்."

அவர் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்பினார்.

"கூட்டிக்கொண்டு போம்," என்றார். "ஆனா வாறவைக்குச் சொல்லும், ஆள் இன்னும் உயிரோடைதான் இருக்கிறார் எண்டு."