அழகரத்தினத்தின் போர்வீல்

வவுணதீவில் பெரிய வயல்காரரான அழகரத்தினம் போடியாரின் கெப் வாகனத்தைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே. முப்பது வருடக் கிழட்டு வண்டியின் பின்கதவில் 'போர்வீல்' என்று சிவப்பில் எழுதுவித்திருந்தார். கோயில் கூட்டமானாலும் செத்த வீடானாலும் பேச்சு எப்படியோ அந்த நாலு சில்லில் வந்து நிற்கும். நாலும் சேர்ந்து இழுக்கும் வாகனம் இந்தப் பக்கத்தில் தன்னிடம் மட்டும்தான் என்பார். ஆனால் சாரதி சிவபாதத்திடம், முன்சில்லையும் இழுக்க வைக்கும் அந்தச் சின்ன லீவரைத் தொடக்கூடாது, தொட்டால் டீசல் குடிக்கும் என்று சொல்லி வைத்திருந்தார்.

போன மாரி மழையில்தான் சிவபாதம் அதை முதன்முதலாகத் தொட்டான். இருபது மூட்டை விதைநெல்லோடு வயல்வட்டைக்குப் போகும் வழியில் சேறு பிடித்துக்கொண்டது. முன்சில்லுக் குமிழ்களைத் திருப்பி லீவரைப் போட்டும் முன்சில்லுகள் அசையவில்லை. வாகனம் மூன்று நாள் கிடந்தது. நெல் மூட்டைக்குள்ளேயே முளைத்து நாறியது. வாகனம் ஓடத் தெரியாதவன் முன் அச்சுத் தண்டுகளை முறித்துவிட்டான் என்று போடியார் சொன்னார். ஊரும் அதையே சொன்னது. பன்னிரண்டு வருடம் வாகனம் ஓடியவனுக்கு அதற்குப் பிறகு ஒருவரும் உழவு இயந்திரத்தைக்கூடக் கொடுக்கவில்லை. ஏறாவூர் மெக்கானிக் ஆதம்பாவாவுக்கு ஸ்பனர் எடுத்துக் கொடுக்கும் வேலைதான் மிஞ்சியது.

ஆகவே, கொழும்பிலிருந்து மாற்றுத் தண்டுகள் வந்துவிட்டன, வந்து பூட்டித் தா என்று போடியார் ஆதம்பாவாவைக் கூப்பிட்டபோது சிவபாதமும் கிளம்பினான். முறிந்த இடத்தை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். துருவேறிக் கறள் பிடித்திருந்தால் பழைய முறிவு. அது போதும் அவனுக்கு.

போடியாருக்கும் அதே எண்ணம், வேறு மாதிரி. வீட்டு மாமரத்தின் கீழ் கதிரைகள் போட்டு, விவசாயச் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரை இருத்தியிருந்தார். சிவபாதம் முறித்த இரும்பை எல்லாரும் பார்க்கட்டுமாம். ஓசித் தேத்தண்ணீருக்கு வந்து, அடுத்தவன் மானம் போவதற்காகக் காத்திருந்த முகங்களைச் சிவபாதம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அதில் நாலு பேருக்கு வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது.

ஜக் வைத்து, சில்லைக் கழற்றி, பிரேக்கைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சில்லு மாட்டும் ஹப்பை இழுத்தெடுக்க ஒரு மணித்தியாலம் போனது. ஆதம்பாவா உள்ளே இருந்த உருண்டைக் கூட்டுக்குள் கையை விட்டார். எதிலும் தட்டாமல் கை போய்க்கொண்டே இருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, இஞ்ச வந்து பாருங்க," என்றார் மெதுவாக.

உள்ளே தண்டு இல்லை. முறிந்த தண்டும் இல்லை. எண்ணெய் ஒழுகாதபடி அச்சுக் குழாயின் வாயில் துணி சுற்றிய மரக்கட்டை ஒன்று அடித்து இறுக்கப்பட்டிருந்தது. மற்றப் பக்கத்தைக் கழற்றினார்கள். அங்கும் அதே கட்டை, அதே துணி.

போடியார் குனிந்து பார்த்தார். நிமிரும்போதே பதில் தயாராக இருந்தது.

"கண்டீங்களா? முறிச்சது காணாதெண்டு கழட்டி வித்தும் போட்டான்."

கதிரைகளில் தலைகள் ஆடின. இதுவும் அவர்களுக்குச் சரியாகத்தான் பட்டது. சேற்றுக்கு அடியில் மூச்சடக்கிக் கிடந்து ஒருவன் இரண்டு தண்டுகளை எப்படி உருவியிருப்பான் என்று ஒரு தலையும் யோசிக்கவில்லை. சிவபாதத்துக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

அவன் கட்டையைத் தட்டி எடுத்து, துணியை உரித்து, மண்ணெண்ணெயில் அலசி, பொனட்டின் மேல் விரித்தான். நீலக் கட்டம் போட்ட இடுப்புச் சாரத்தின் பாதி. தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த போடியாரின் மனைவி ஞானமணி அதைப் பார்த்து நின்றாள்.

"இது உங்கட சாரம்தானே, மருமகன் கட்டாரில இருந்து கொண்டந்தது," என்றாள் புருஷனிடம், உடுப்புக் கணக்குப் பார்க்கிற குரலில். "டீசல் மிச்சம் வரும் எண்டு ஆரோ சொல்லி அந்தக் கம்பியளக் கழட்டின அண்டைக்குக் கிழிச்சீங்க. நான் ஏசினனே. சிவபாதம் அப்ப நம்மட்ட வேலைக்கும் வரல்ல."

சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் தட்டை நீட்டினாள். அவர் கோப்பையை எடுக்க மறந்து இருந்தார்.

கழற்றியவன் மறுபடியும் பூட்டிவிட்டான் என்று நினைத்ததாகப் போடியார் முனகினார். அப்போதே தனக்கு ஒரு சந்தேகம் இருந்தது என்று ஒருவர் தொடங்க, எல்லாருக்கும் அப்போதே சந்தேகம் இருந்தது தெரியவந்தது. சிவபாதம் அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தினான். ஒரு தண்டு நீளம், மற்றது குட்டை. எது எந்தப் பக்கம் என்று பார்த்து, கிறீஸ் பூசி, பல்லோடு பல் பொருந்தும்வரை திருப்பித் திருப்பி உள்ளே தள்ளினான்.

பூட்டி முடிந்ததும் ஆதம்பாவா, சேற்றில் இறக்குவதற்கு முன் இரண்டு முன்சில்லின் நடுவில் இருக்கும் குமிழையும் திருப்பி லொக்கில் விட வேண்டும், அப்போதுதான் முன்சில்லு இழுக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். எல்லாம் தெரியும் என்று போடியார் கையைக் காட்டி மறித்தார். கெட்டுப்போன பெயரை ஓடிக்காட்டி நிமிர்த்தப் போகிறார். ஏறி, பின்படலைக் கதவைத் தாண்டி, முதல் மழைக்கு உழுது போட்டிருந்த வயலுக்குள் இறக்கினார்.

இருபது அடிதான். பின்சில்லுகள் சேற்றை வாரி இறைத்தன. முன்சில்லுகள் விருந்தாளி மாதிரி சும்மா இருந்தன. போடியார் தலையை வெளியே நீட்டி, பூட்டின தண்டு போலி, ஏறாவூரான் ஏமாற்றிவிட்டான் என்று கத்தினார்.

ஆதம்பாவா எழும்பினார். அண்ணனை மறிப்பதுபோல் சிவபாதம் கையை நீட்டினான்.

"இருங்க காக்கா. நான் போறன்."

சிவபாதம் முழங்கால் சேற்றில் ஆறுதலாக நடந்து போனான். ஒரு குமிழைத் திருப்பினான். முன்பக்கத்தால் சுற்றி வந்து மற்றதைத் திருப்பினான். கண்ணாடிக்குள் போடியார் நேரே பார்த்தபடி இருந்தார்.

"லீவரப் போட்டு இப்ப எடுங்க, போடியார்."

வாகனம் உறுமி, நாலு சில்லும் மண்ணைக் கவ்வி, வரம்பில் ஏறியது. போடியார் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓட்டிப் போனார்.

சிவபாதம் வாய்க்காலில் கால் கழுவ இறங்கினான். அப்போதே சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் பின்னால் வந்து நின்று, தன் உழவு இயந்திரத்துக்கு நாளைக்கு வர ஏலுமா என்று கேட்டார். போகத்தான் வேண்டும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அவன் நிமிரவில்லை. அந்த மனிதர் வெயிலில் நிற்கட்டும் என்று, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினான்.